விசையை அழுத்துமுன்

நம் ஊர்த் தச்சர் தரையில் அமர்ந்து கைவாளால் பலகை அறுப்பதை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். பலகையின் ஒரு முனையைச் சிறு கட்டையின்மேல் சாய்த்து, இடது காலால் அதனை அழுத்திப் பிடித்துக்கொள்வார். வலது கை வாளை இழுத்துத் தள்ளும். பலகை சற்று அசைந்தால் கால் உணரும். உள்ளே கணு ஒன்று குறுக்கிட்டால் கை உணரும். கை உணர்ந்த கணமே வாள் நின்றுவிடும். ஏனெனில், வாளை ஓட்டுவது அந்தக் கையின் வலிமையே அன்றி வேறொன்றன்று. அவருக்கு மேசையும் இல்லை, பிடிப்பானும் இல்லை. காலே மேசை, காலே பிடிப்பான். இந்த முறையைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. எத்தனையோ தலைமுறைகளாகக் கதவும் கட்டிலும் தேரும் இவ்விதமே ஆகி வந்திருக்கின்றன.

இன்று அந்தக் கைவாளின் இடத்தில் மின்சார வாள் வந்துவிட்டது. வந்ததில் எனக்கு வருத்தமில்லை. அரை நாள் வேலையை அது கால் மணி நேரத்தில் முடித்துத் தருகிறது. தச்சுத் தொழிலைப் பிழைப்பாகக் கொள்ளாத என்போன்றவர்களும், வீட்டின் பின்கட்டில் ஒரு மேசையைப் போட்டு, நான்கு கருவிகளை மாட்டி வைத்துக்கொண்டு, புத்தக அலமாரியோ பேரக்குழந்தைக்கு ஒரு நடைவண்டியோ செய்து மகிழ முடிகிறது. அத்தகைய வீட்டுப் பட்டறைகளில் பெரும்பாலும் மூன்று இயந்திரங்களைக் காணலாம். ஒன்று, துளையிடும் டிரில். இரண்டாவது, மரம் அறுக்கும் வட்டவாள். மூன்றாவது, இரும்பைத் தேய்க்கவும் வெட்டவும் உதவும் கிரைண்டர். கிரைண்டர் என்றதும் மாவு அரைப்பதை நினைத்துவிட வேண்டாம். அது சமையலறைக்குரியது, சாதுவானது. நான் சொல்வது ஒரு கையில் அடங்கும் சிறு பொறி. இம்மூன்றையும் கையாளும்போது விரலும் கண்ணும் உயிரும் போகாமல் காத்துக்கொள்வது எவ்வாறு என்பதுதான் இன்றைய பேச்சு.

மின்சாரத் துளைப்பொறியை 1895-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து ஃபைன் தொழிலகத்தார் செய்தனர். அது கனமான கருவி. இரு கைகளாலும் பற்றித்தான் வேலை செய்ய வேண்டும். பின்னர் அமெரிக்காவில் பிளாக், டெக்கர் என்ற இருவர், கைத்துப்பாக்கியைப் போன்ற பிடியும், சுட்டுவிரலால் அழுத்தும் விசையும் கொண்ட டிரில்லுக்கு 1917-இல் காப்புரிமை பெற்றனர். கிரைண்டர் 1954-இல் ஜெர்மனியில் ஃபிளெக்ஸ் என்ற பெயரில் வெளிவந்தது. அந்நாட்டு மக்கள் இன்றும் அந்தக் கருவியை அப்பெயராலேயே அழைக்கிறார்கள். இவ்வாறு பொறிகள் சிறுத்துக்கொண்டே வந்தன. சிறுத்ததனால் விளைந்த கேடு ஒன்றுண்டு. தொழிற்சாலையில் நிற்கும் பெரிய இயந்திரத்தைக் கண்டால் எவருக்கும் ஓர் அச்சம் தோன்றும். கைக்குள் அடங்கும் பொறியைக் கண்டால் அந்த அச்சம் தோன்றுவதில்லை. சுத்தியல், உளி இவற்றின் இனத்தில் அதையும் சேர்த்துவிடுகிறோம்.

அது அந்த இனத்தைச் சேர்ந்ததன்று என்பதை ஒரு சிறு சோதனையால் காட்டுகிறேன். வானொலியில் படம் காட்ட இயலாது. ஆகையால் நீங்களே செய்து பாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஓரடி அளவுகோல் ஒன்று போதும். வீட்டில் உள்ள ஒருவரை, அதன் மேல்முனையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். கீழ்முனைக்கு இருபுறமும் உங்கள் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தொடாமல் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் முன்னறிவிப்பின்றிக் கைவிடட்டும், நீங்கள் பிடியுங்கள். எத்துணை விரைவானவராயினும், ஏறக்குறைய 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை கோல் நழுவிய பின்னரே உங்கள் பிடியில் அகப்படும். அந்தத் தொலைவு விழ ஆகும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. கண் கண்டு, மூளை அறிந்து, கைக்குக் கட்டளை சென்று, விரல் அசைய அவ்வளவு நேரம் ஆகிறது. கோல் விழப்போகிறது என்று தெரிந்து காத்திருக்கும்போதே இவ்வளவு.

இப்பொழுது வட்டவாளுக்கு வருவோம். ஏழு அங்குல வட்டவாள் நிமிடத்துக்குச் சுமார் 5,000 முறை சுற்றுகிறது. நொடிக்கு 83 சுற்று. நாம் கையை இழுத்துக்கொள்ள எடுக்கும் ஐந்தில் ஒரு நொடியில் அது 16 முறைக்கு மேல் சுற்றிவிடும். தகட்டின் விளிம்பில் 24 பற்கள் இருந்தால், அந்த நேரத்தில் 400 பற்கள் ஓரிடத்தைக் கடந்திருக்கும். கைவாளின் பல் ஒன்று தோலைக் கீறினால் கையை எடுத்துவிடலாம். இங்கே முதற்பல் பட்டது என்று மூளை அறிவதற்குள் நானூறாவது பல்லும் போய்விடுகிறது. ஆதலால், “நான் கவனமாக இருப்பேன்; ஏதாவது நேர்ந்தால் உடனே கையை எடுத்துவிடுவேன்” என்பது இந்தப் பொறியின் முன் செல்லாத பேச்சு.

இதனை நன்குணர்ந்த ஒருவர் ஸ்டீபன் காஸ் என்ற அமெரிக்கர், பௌதிகம் கற்றவர். மனிதனின் கை விரைவாக இயங்காவிட்டால், வாளாவது விரைவாக நிற்கட்டும் என்று 1999-இல் அவர் ஒரு வழி கண்டார். மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும். உலர்ந்த மரம் அவ்வளவாகக் கடத்தாது. வாளின் தகட்டில் மிகச் சிறிய மின்குறி ஒன்றை ஓடவிட்டால், விரல் பட்டதும் அக்குறி மாறும். மாறிய உடனே அலுமினியக் கட்டை ஒன்று பற்களுக்குள் பாய்ந்து, ஐயாயிரத்தில் ஒரு பங்கு அன்று, ஆயிரத்தில் ஐந்து பங்கு நொடிக்குள் தகட்டை நிறுத்திவிடும். விரலில் சிறு கீறலே மிஞ்சும். மிக அழகிய கண்டுபிடிப்பு. ஆனால் அது மேசைவாளில் அமைவது. விலையும் நம் வீட்டுப் பட்டறைக்கு எட்டாதது. நமக்குள்ள வழி, ஆபத்து வந்தபின் செய்யவேண்டியதை எண்ணாமல், விசையை அழுத்துமுன்பே விரலும் தகடும் சந்திக்க முடியாதபடி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துகொள்வதுதான்.

அந்த ஏற்பாட்டில் முதலாவது, பலகையைப் பிடிப்பது. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

இரு முனைகளிலும் முட்டுக் கொடுத்து நடுவில் பலகையை அறுத்தால், அறுபட அறுபடப் பலகை நடுவில் தொய்யும். தொய்ந்தால் அறுத்த பிளவின் மேல்வாய் மூடிக்கொள்ளும். ஈரம் காயாத மரத்தில், தொய்வு இல்லாமலே பிளவு மூடிக்கொள்வதும் உண்டு. கைவாளாக இருந்தால் அது சிக்கிக்கொண்டு நிற்கும்; தச்சர் சிறு ஆப்பு ஒன்றைப் பிளவில் செருகிவிட்டு மீண்டும் அறுப்பார். மின்சார வாள் சிக்கினால் நிற்பதில்லை. அதன் பற்கள் கீழிருந்து மேல்நோக்கி அறுப்பவை. தகட்டின் பின்பகுதியை மரம் கவ்வியதும், அந்தப் பற்கள் மரத்தையே படியாகக் கொண்டு ஏறி, வாள் முழுவதும் பிளவைவிட்டு வெளியே பாய்ந்து, அறுப்பவரை நோக்கித் துள்ளி வருகிறது. சுற்றிக்கொண்டேதான் வருகிறது. இதை எதிர்த்துள்ளல் என்று சொல்லலாம். அது நிகழும்போது, பலகையை மிதித்துக்கொண்டு ஒரு கால் அங்கே இருந்தால் என்னவாகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த தச்சர் ஒருவர் இருக்கிறார். முப்பது ஆண்டுகள் கைவாளோடு வாழ்ந்தவர். கையில் சிராய் குத்தியதைத் தவிர வேறு காயம் அறியாதவர். புதிதாக மின்சார வாள் வாங்கி ஒரு மாதம் ஆகுமுன், இடது காலின் கட்டைவிரலையும் அதற்கடுத்த விரலையும் இழந்தார். கவனக் குறைவு என்று அயலார் சொன்னார்கள். நான் அவ்வாறு எண்ணவில்லை. அவர் மிகுந்த கவனத்தோடுதான் அறுத்தார். முப்பது ஆண்டுகளாக எப்படி அறுத்தாரோ அப்படியே அறுத்தார். பழைய கருவிக்குரிய பழக்கத்தைப் புதிய கருவியிடம் கொண்டு சென்றதே அவருக்கு வந்த வினை. தேர்ந்த கைகளுக்கு இந்த ஆபத்து குறைவு என்று பலர் நம்புகிறார்கள். எனக்கோ தேர்ந்த கைகளுக்கே இது மிகுதி என்று தோன்றுகிறது.

ஆகவே காலை விலக்குங்கள். இடுப்பளவு உயரத்தில் பலகையை வைத்து, கிளாம்ப் என்னும் பிடிப்பான்கள் இரண்டால் மேசையோடு இறுக்குங்கள். இரண்டு பிடிப்பான்களின் விலை ஒரு நாள் மருத்துவச் செலவுக்குக் காணாது. அறுபட்டு விழவேண்டிய துண்டு தடையின்றி விழும்படி மேசையின் விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்கட்டும். நீண்ட பலகையை நடுவில் அறுப்பதானால், வெட்டுக் கோட்டின் இருபுறமும் இவ்விரண்டாக நான்கு முட்டுகள் வேண்டும். அப்பொழுது பலகை தொய்யாது. தகட்டின் ஆழம் பலகையின் தடிப்பைக் காட்டிலும் கால் அங்குலம் மிகுந்தால் போதும். தகட்டுக்கு நேர் பின்னே நில்லாமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். வாளின் கீழ்ப்பாதியை மூடும் காப்புமூடி ஒன்று உண்டு. அறுக்கும்போது தானே விலகி, வெளியே எடுத்ததும் வில்லின் இழுப்பால் தானே மூடிக்கொள்ளும். மரத்தூள் அடைத்து அது சில வேளை திறந்தபடியே நின்றுவிடும். பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். “இடைஞ்சலாக இருக்கிறது” என்று ஒரு கம்பியால் அதைத் திறந்த நிலையில் கட்டி வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களுடைய பட்டறையில் நான் நிற்பதில்லை.

மேசைவாள் வைத்திருப்போர், தகட்டின் பின்னால் நிற்கும் மெல்லிய பிளவுத்தகட்டைக் கழற்றி மூலையில் போட வேண்டாம். கைவாள் தச்சர் பிளவில் செருகும் ஆப்பின் வேலையையே அது செய்கிறது.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பளிங்குக் கல்லும் தரையோடும் வெட்டுவதற்கென மார்பிள் கட்டர் என்ற பொறி ஒன்று விற்கிறது. விலை மலிவு. அதில் மரவாள் தகட்டை மாட்டி மரம் அறுப்பது நம் நாட்டில் பரவலாக நடக்கிறது. சிலர் கிரைண்டரிலேயே பல் வைத்த தகட்டை மாட்டிவிடுகிறார்கள். கல் வெட்டும் தகட்டுக்குப் பற்கள் இல்லை. ஆகையால் அதன் பொறியில் தானே மூடிக்கொள்ளும் கீழ்மூடியும் இல்லை. நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்று வேகத்தில், மூடியில்லாத பல்தகடு ஒன்று கையருகே சுழல்கிறது. வேலை நடக்கிறதே என்பார்கள். நடக்கிறது, நடக்காத நாள் ஒன்று வருகிறது. மரத்துக்கு மரவாள், இதில் சிக்கனம் பார்ப்பதற்கில்லை.

கிரைண்டரில் மாட்டும் வட்டுகள் கண்ணாடியைப் போல எளிதில் உடையும் இயல்புடையவை. நான்கு அங்குல வட்டு 11,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் செல்கிறது. அவ்வேகத்தில் வட்டு உடைந்தால் துண்டுகள் எங்கே செல்லும் என்று யாரும் சொல்ல முடியாது. முகத்துக்கும் அவற்றுக்கும் இடையே காப்புமூடி ஒன்றே நிற்கிறது. வட்டின்மேல் அது தாங்கக்கூடிய உச்ச வேகமும், பல வட்டுகளில் காலாவதித் தேதியும் அச்சிட்டிருக்கும். மருந்துப் புட்டியில் தேதி பார்க்கும் நாம் இதிலும் பார்க்கலாம். கீழே விழுந்த வட்டையும், ஈரத்தில் கிடந்த வட்டையும் எறிந்துவிடுங்கள். புதிய வட்டை மாட்டியதும் ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் வெறுமே ஓடவிடுங்கள். வெட்டும் வட்டின் பக்கவாட்டைக் கொண்டு தேய்க்கக் கூடாது.

இங்கே மின்வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கிரைண்டரின் சுவிட்சு பெரும்பாலும் முன்னே தள்ளினால் அங்கேயே பூட்டிக்கொள்வது. வேலை நடுவில் மின்சாரம் போய்விடுகிறது. பொறி நிற்கிறது. நாம் அதை மேசைமேல் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகிறோம். அரைமணி கழித்து மின்சாரம் திரும்புகிறது. சுவிட்சு அணைக்கப்படவில்லையாதலால், பொறி தானே உயிர் பெற்று மேசையிலிருந்து துள்ளி விழுந்து தரையில் ஓடுகிறது. அந்நேரம் அங்கே ஒரு குழந்தை இருக்கலாம். மின்சாரம் போன அக்கணமே பிளக்கை உருவிவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பிட்டோ தகடோ வட்டோ மாற்றும்போதும் அவ்வாறே. பேட்டரியில் ஓடும் பொறிகளுக்குப் பிளக் இல்லாமையால், பேட்டரியைக் கழற்ற வேண்டும் என்ற எண்ணமே பலருக்கு வருவதில்லை.

மின்சாரம் உடம்பில் பாய்வது வேறொரு அபாயம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சீல் என்ற பேராசிரியர், எவ்வளவு மின்சாரம் பாய்ந்தால் ஒருவர் பிடித்த கம்பியைத் தாமாக விட முடியாமற் போகிறது என்று தொண்டர்களைக் கொண்டு ஆராய்ந்தார். சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர் அளவிலும், பெண்களுக்குச் சுமார் பத்தரை மில்லி ஆம்பியர் அளவிலும் கை தன் வசம் இழந்துவிடுகிறது என்று கண்டார். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வியர்த்த கையும், சிமெண்டுத் தரையில் வெறுங்காலுமாக ஒருவர் நின்று பழுதான டிரில்லைப் பற்றினால், அவர் உடம்பில் நூறு மில்லி ஆம்பியருக்கு மேலும் பாயக்கூடும். “ஃபியூஸ் இருக்கிறதே” என்று கேட்கலாம். 16 ஆம்பியர் ஃபியூஸ், அந்த அளவைத் தாண்டினால்தான் போகும். அது சுவருக்குள் இருக்கும் கம்பியைக் காப்பதற்கு வைத்தது, மனிதனைக் காப்பதற்கு வைத்ததன்று. மனிதனைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்று எலக்ட்ரீஷியன்கள் கூறும் கசிவுக்காப்பு. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு கண்டாலும் இணைப்பைத் துண்டித்துவிடும். பல நாட்டார் இதற்கு உழைத்தனர். அமெரிக்காவில் இத்தகைய சாதனத்தை 1961-இல் அமைத்தவரும் அந்த டால்சீலே. உங்கள் வீட்டில் இது இல்லையேல், அடுத்த பொறி வாங்குமுன் இதை வாங்குங்கள். அதன்மேல் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மற்றபடி, ரப்பர்ச் செருப்பும் உலர்ந்த தரையும் என்றும் நல்லவை. சுருட்டி வைத்த நீட்டுக்கம்பியைச் சுருளோடு பயன்படுத்தினால் சூடேறி உருகும்; முழுவதும் விரித்துக்கொள்ள வேண்டும்.

உடையைப் பற்றிச் சொன்னால் சிலருக்கு மனம் வருந்தலாம். வேட்டி நமக்கு அழகிய உடை, பட்டறைக்கு ஏற்றதன்று. தோளில் துண்டு, கழுத்தில் சங்கிலி, மணிக்கட்டில் கோயிற் கயிறு, விரலில் மோதிரம், அவிழ்ந்த கூந்தல் ஆகிய யாவையும் சுழலும் பொருளின் முன் ஆகா. கையுறை அணிந்தால் பாதுகாப்பு என்று பலர் கருதுவர். தகரத்தைத் தூக்கி வைக்கும்போது அது சரி. சுழலும் டிரில்லின் அருகே கையுறையின் ஒரு நூல் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துச் சுற்றிவிடும். டிரில்லால் தகரத்தில் துளையிடும்போது, பிட்டு மறுபுறம் வெளிவரும் தறுவாயில் தகரத்தைக் கவ்விக்கொண்டு விசிறிபோல் சுழற்றும். அதையும் கையால் பிடிக்காமல் பிடிப்பானால் இறுக்குங்கள்.

கண்ணுக்குப் பக்கங்களும் மூடிய பாலிகார்பனேட் கண்ணாடி வேண்டும். படிக்கும் மூக்குக்கண்ணாடி அதற்கு ஈடாகாது. காதுக்கு அடைப்பான் வேண்டும். அமெரிக்க அரசின் தொழில்நல ஆய்வு நிலையத்தார், 85 டெசிபெல் ஓசையை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம் என்றும், மூன்று டெசிபெல் கூடுந்தோறும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்றும் கூறுகின்றனர். வட்டவாள் 100 டெசிபெல் ஒலித்தால் கால் மணி நேரத்தோடு கணக்குத் தீர்ந்தது.

மரத்தூளை நாம் தீங்கற்றது என்றே எண்ணி வந்திருக்கிறோம். இங்கிலாந்தில் நாற்காலித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஹை விக்கம் என்ற ஊரில், 1960-களில் எஸ்மி ஹாட்ஃபீல்டு என்ற மருத்துவ அம்மையார், தம்மிடம் வரும் மூக்குப் புற்றுநோயாளரில் மரவேலை செய்வோர் மிகுந்திருப்பதைக் கவனித்தார். அரிய நோய், ஒரே தொழில். அவர் அதைச் சும்மா விடவில்லை. ஆராய்ச்சி 1968-இல் வெளியாயிற்று. 1995-இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்தது. கைவாள் உதிர்ப்பது பருந்தூள்; காலடியில் விழும். மின்சாரப் பொறி கிளப்புவது கண்ணுக்குப் புலனாகாத நுண்தூள், மூச்சோடு செல்லும். எனவே திறந்த வெளியில் வேலை செய்யுங்கள், தூளைத் தடுக்கும் முகக்கவசம் அணியுங்கள். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்கித் தூளை எழுப்பாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இவ்வளவும் செய்தபின்னரும் ஒரு விரல் துண்டாகிவிட்டால், கலங்காமல் செய்யத்தக்கது ஒன்றுண்டு. 1965-இல் ஜப்பானின் நாரா மாநிலத்தில் கொமட்சு, தமாய் என்ற இரு மருத்துவர்கள் முற்றிலும் துண்டான கட்டைவிரலை மீண்டும் பொருத்தி வெற்றி கண்டனர். இன்று நம் நாட்டிலும் இது நடக்கிறது. அதற்கு விரல் மருத்துவரிடம் நல்ல நிலையில் போய்ச் சேர வேண்டும். காயத்தின்மேல் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். துண்டான பகுதியைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு வாயை இறுகக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வையுங்கள். பனிக்கட்டியின்மேல் நேராக வைத்தால் சதை கெட்டுவிடும். ஆம்புலன்ஸை அழைக்க 108 என்ற எண்ணைப் பட்டறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். அதன் கீழே உங்கள் வீட்டு எண்ணையும் தெருவையும் அருகிலுள்ள அடையாளத்தையும் எழுதுங்கள். தொலைபேசியை எடுப்பவர் உங்கள் வீட்டாராக இல்லாமல், சத்தம் கேட்டு ஓடிவந்த ஒருவராக இருக்கலாம்.